குவேக்கர் குடும்பக் கடிதங்களும் இல்லற வரலாறும்

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையால் உருவான நண்பர்கள் சபை, குருமாரும் திருச்சடங்குகளும் இல்லாத கிறித்தவப் பிரிவாகும். மனிதர் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் இறையொளி உண்டு என்னும் அதன் அடிப்படை நம்பிக்கை, வழிபாட்டுக் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமையைப் பெண்களுக்கும் வழங்கியது. குவேக்கர் என்று பரவலாக அறியப்படும் இப்பிரிவினர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய குடும்பக் கடிதங்கள், லண்டனிலுள்ள சபை நூலகத்திலும் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்டு கல்லூரிகளிலும் பெருந்தொகுதிகளாகக் காக்கப்படுகின்றன. சமையல், தையல், பேறுகாலம், நோய் என வீட்டுச் செய்திகளால் நிறைந்த இக்கடிதங்களே, அடிமை ஒழிப்பும் பெண் வாக்குரிமையும் எவ்வாறு குடும்ப உறவுகளின் வழியே வளர்ந்தன என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இத்தனை கடிதங்கள் எழுதப்பட்டதற்குச் சபையின் அமைப்பே முதற்காரணம். சபைக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற விதியால், ஊர் ஊராகச் சிதறி வாழ்ந்த சிறுபான்மைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒரே உறவுவட்டமாயின. அகத்தூண்டல் பெற்ற ஆண்களும் பெண்களும் சபையின் ஒப்புதலோடு தொலைதூரம் சென்று போதித்தபோது, வீட்டில் இருந்தோர்க்கும் அவர்களுக்கும் கடிதமே தொடர்பாயிற்று. யார்க்ஷயரின் ஆக்வொர்த், பென்சில்வேனியாவின் வெஸ்ட்டவுன் போன்ற சபை உறைவிடப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளும் கடிதம் எழுதினர். தாள்களின் எண்ணிக்கைக்கும் தொலைவுக்கும் ஏற்பப் பெறுநரே கட்டணம் செலுத்திய அந்நாளில், எழுதிய தாளையே திருப்பிக் குறுக்காக மீண்டும் எழுதும் வழக்கம் இருந்தது. 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் வந்தபின் இந்நெருக்கடி தணிந்தது.

எளிமை என்னும் சபைநெறி இல்லத்திலும் எழுத்திலும் ஒருசேர ஆட்சி செய்தது. அணிகலனற்ற உடை, உணவுக்கு முன் மௌனம், இசையையும் புதினங்களையும் தவிர்த்தல் ஆகியவை வீட்டொழுக்கமாயின. பழந்தெய்வங்களின் பெயர் தாங்கிய கிழமைகளையும் மாதங்களையும் விலக்கி, முதல் நாள், முதல் மாதம் என எண்களால் குறித்தனர். பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி எவரையும் ஒருமையிலேயே அழைத்தனர்.

இக்கடிதங்களை அச்சேற்றிய தொடக்ககால முயற்சிகள் பெரும்பாலும் பக்தி நோக்குடையவை. சிறைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற எலிசபெத் ஃபிரையின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் அவருடைய இரு மகள்கள் தேர்ந்தெடுத்து, அவர் மறைந்த இரண்டாம் ஆண்டான 1847இல் வெளியிட்டனர். பதினொரு பிள்ளைகளின் தாயாகவும் நியூகேட் சிறைப் பெண்களின் பணியாளராகவும் வாழ்ந்த அவருடைய மனப்போராட்டம், மகள்கள் தேர்ந்தெடுத்த அளவிலேயே வாசகரை எட்டியது. 1970இல் வெளிவந்த எலிசபெத் இசிச்சேயின் விக்டோரிய காலக் குவேக்கர் பற்றிய நூல், பக்திப் பார்வையிலிருந்து விலகிச் சபையைச் சமூக வரலாறாக ஆராய்ந்தது. 2007இல் சாண்ட்ரா ஸ்டான்லி ஹோல்டன் எழுதிய நூலோ, சாமர்செட்டின் ஸ்ட்ரீட் ஊரில் காலணித் தொழில் நடத்திய கிளார்க் குடும்பத்தின் ஆவணங்களைக் கொண்டு, பெண்களின் நினைவுகள் கடிதங்களாகத் தலைமுறை கடந்து கைமாறியதை விளக்கியது. அக்குடும்பத்தின் உறவுவட்டத்தைச் சேர்ந்த அரசியல் தலைவர் ஜான் பிரைட்டின் முதல் மனைவி 1841இல் இறந்தபின் கைக்குழந்தை ஹெலனை வளர்த்த அத்தை பிரிசில்லா, 1848இல் சபைக்கு வெளியே மணந்ததால் விலக்கப்பட்டார். பின்னாளில் அந்த அத்தையும் மருமகளும் பெண் வாக்குரிமை இயக்கத்தில் முன்னின்றனர்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதற்கு இணையாக நிற்பவை, பிலடெல்பியாவில் வாழ்ந்த குவேக்கர் லுக்ரீஷியா மாட்டின் கடிதங்கள். அவற்றுள் தேர்ந்தவை 2002இல் பெவர்லி வில்சன் பால்மரின் பதிப்பாக வெளிவந்தன. சபைக்கு வெளியே மணந்து 1824இல் விலக்கப்பட்ட தங்கை மார்த்தா ரைட்டுக்கு அவர் எழுதியவற்றில் வீட்டுவேலைகளும் அடிமை ஒழிப்புக் கூட்டங்களும் ஒன்றையடுத்து ஒன்றாய் வருகின்றன. 1848 ஜூலையில் தங்கை வீட்டுக்கு அவர் வந்திருந்த வேளையில்தான், குவேக்கரான ஜேன் ஹன்ட்டின் இல்லத்துத் தேநீர் விருந்தில் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் மேரி ஆன் மெக்ளின்டாக்கும் உட்பட ஐந்து பெண்கள் கூடிப் பேசி, சில நாட்களுக்குள் செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினர்.

எனினும், எஞ்சியுள்ள கடிதங்களில் பெரும்பகுதி வசதியும் கல்வியும் வாய்ந்த குடும்பங்களுடையவை என்பதால், அவ்வீடுகளில் உழைத்த பணிப்பெண்களும் ஏழைக் குவேக்கர்களும் பிறர் எழுதிய வரிகளிலேயே பெரிதும் தென்படுகின்றனர். இந்த எல்லையை மனத்தில் கொண்டு, அச்சுத் தொகுப்புகளோடு நின்றுவிடாமல் மூலக் கடிதங்களையும் படிக்கும் ஆய்வுகளே இத்துறையில் நிலைக்கும். பெண்கள் எழுதிக் காத்த வீட்டுக் கடிதங்களைப் புறக்கணித்து 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்களின் வரலாற்றை முழுமையாக எழுத இயலாது.