நெய்தலும் கண்டலும்

பண்டைத் தமிழர் நிலத்தை மலராலும் மரத்தாலும் பெயரிட்டு வழங்கினர். இதனைச் சான்றாகக் காட்டி, தாவரங்களை வாழிடம் நோக்கி வகுக்கும் சூழலியலைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் என்று கூறுவாருளர். மேடைகளிற் பன்முறை ஒலிக்கும் இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

டென்மார்க்கு நாட்டறிஞர் வார்மிங் 1895இல் வெளியிட்ட நூலிலே தாவரக் கூட்டங்களை நீர்த்தாவரம், வறள்நிலத் தாவரம், உவர்நிலத் தாவரம், இடைநிலைத் தாவரம் என வகுத்தார். நீரைத் தாவரம் எங்ஙனம் பெற்றுக் காக்கின்றது என்பதே அவர் கொண்ட அளவுகோல். அதனைத் திருகோணமலைக் கரையில் வைத்துப் பார்த்தல் நன்று.

மகாவலி கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவில், கண்டல் தாங்குவேரூன்றிச் சேற்றில் நிற்கின்றது. அதன் வித்து தாய்மரத்திலேயே முளைகொள்கின்றது. வெண்கண்டல் மூச்சுவேர்களைச் சேற்றின்மேல் நீட்டி, மிகுந்த உப்பை இலைவழி வெளியேற்றுகின்றது. மணல்மேட்டில் அடும்பு படர்ந்து மணலைப் பிணிக்கின்றது. இவையே உவர்க்கரைக்கு இயைந்தவை. நெய்தலோ காற்றறை பொருந்திய தண்டும் மிதக்கும் இலையுமுடைய நன்னீர்த் தாவரம். மழைநீர் கலந்து உவர் தணிந்த கழியில் அது ஒருவாறு வாழினும், அதற்குரிய இடம் குளமே. வார்மிங்கின் அளவுகோலால் நோக்கின், கடற்கரைக்குப் பெயர் தந்த மலர் தம்பலகாமத்து வயலை அடுத்த குளங்களோடு சேர்ந்து மருதத்துக்குரியதாகிவிடும்!

இதனாற் புலவர் அறியாமையுடையர் என்பது பெறப்படாது. கண்டல், தாழை, புன்னை, அடும்பு ஆகியவற்றைக் கடற்கரைப் பாடல்களில் அவர்கள் பிறழாது அமைத்தனர். மாலையிற் கூம்பும் நெய்தல் இரங்கலுக்கு இயைந்தது. கண்டல் அங்ஙனம் இயையாது. ஆகவே, பெயரீட்டில் உரிப்பொருளே முதன்மை பெற்றது எனல் பொருந்தும். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வரின் வந்த நிலத்தின் பயனையே தரும் என அகத்திணையியல் இசைவு தருகின்றது. இவ்விசைவைப் புலவன் ஏற்பான், தாவரவியலான் ஏற்கமாட்டான்.

தாவரத்தைத் தாவரமாகவே நோக்கியபோது தொல்காப்பியர் வேறு நெறி கொண்டார். புறத்தே வயிரமுடையன புல், அகத்தே வயிரமுடையன மரம் என மரபியலில் வகுத்தார். அவ்வாறு அவரே பிரித்து வைத்த இரண்டினைப் பின்வந்தோர் ஒன்றாக்குதல் தகாது.

சூழலியலுக்கு அணுக்கமாக நிற்பது பாலையொன்றே. அதற்குத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம். கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலைக் காடு வறண்டு நிற்பதைக் கண்டோர் இதன் உண்மையை உணர்வர். இடத்தையன்றி நிலைமையை நோக்கிய பாகுபாடு இது.

இலக்கியத்துக்கு இல்லாத பெருமையை ஏற்றுவதால் அதன் உள்ள பெருமை மறைகின்றது, அறிவியலும் தெளிவிழக்கின்றது. நெய்தலின் புகழைக் கேட்டு எழும் மாணவன் கழிக்கரையிற் கண்டலை அறியாது விறகென்று கருதுவானாயின், அவன் இரண்டனையும் கற்றவனாகான். அலையின் வேகத்தைத் தணித்து, இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் புகலிடமாவது அம்மரமே. பாட்டைப் பாட்டாகவும் செடியைச் செடியாகவும் கற்பித்தலே ஆசிரியர் கடன்.