மெட்டு பழசு, சொல் புதுசு: கே.ஏ. குணசேகரனின் பாட்டு

நம் சங்க மலரில் வழக்கமாகக் குறள், சித்தர் பாடல், சங்க இலக்கியம் என்றுதான் கட்டுரைகள் வரும். நானும் நாலடியார், சிந்தாமணி என்றே எழுதி வந்தவன். இந்த முறை ஒரு மேடைப் பாடகரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர், "ஐயா, அது இலக்கியத்தில் சேருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இளங்கோவடிகளைச் சமணர் என்பது எங்கள் வழக்கு. மறுப்போரும் உண்டு, அது இங்கே வேண்டாம். அவர் தம் காப்பியத்தில் என்ன செய்தார்? கடற்கரைப் பாட்டைக் கானல்வரி ஆக்கினார். வேட்டுவர் பாட்டு, ஆய்ச்சியர் குரவை, மலைக்குறவர் குரவை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார். கடைசியில் நெல் குத்தும் பெண்களின் வள்ளைப்பாட்டைக்கூட விடவில்லை. உரல் பாட்டு காப்பியத்தில் சேருமானால் குணசேகரன் பாட்டு மலரில் சேரக் கூடாதா? நண்பர் சிரித்துவிட்டு, "எழுதுங்க" என்றார்.

குணசேகரன் 1955-இல் பிறந்தவர். ஊர், இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை, இன்றைய சிவகங்கை மாவட்டம். ஒடுக்கப்பட்ட சாதியில், வறுமையில் வளர்ந்து, படித்து முனைவர் பட்டம் வாங்கினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியர், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநர் என்று பதவிகள் வகித்தார். 'பலி ஆடுகள்' என்ற நாடகம் எழுதினார். தமிழில் தலித் நாடகத்துக்கு அதுதான் தொடக்கம் என்பவர்கள் உண்டு. 2016 ஜனவரி 17-இல் காலமானார். பதவிகளைச் சொல்லிக்கொண்டே போகலாம், ஆனால் எனக்கு அவர் முதலில் பாடகர். 'தன்னானே' என்ற குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்.

அவர் குரலை நான் முதலில் கேட்டது எங்கள் ராபர்ட்சன்பேட்டைக் கடையில். வாடிக்கைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் ஒரு கேசட் கொண்டுவந்து, "சேட்டு, இதைப் போட்டுப் பாருங்க" என்றான். (நான் சேட்டு இல்லை, வந்தவாசிப் பக்கத்து நயினார் என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.) பாட்டு, கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்த கொடுமையிலிருந்து பிறந்தது. அதை ஊரெல்லாம் கொண்டுபோனது குணசேகரன் குரல். எழுதியவரும் அதே 2016 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இனிப்பு கிடையாது. சினிமாவில் கிராமத்துப் பாட்டு என்றால் முதலில் புல்லாங்குழல், பிறகு வயல், பிறகு ஒரு காதல். கிராமம் என்றாலே சந்தோஷம் என்று ஒரு கணக்கு. இவர் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டார். மெட்டு பழசுதான், அம்மா பாட்டி பாடிய தெம்மாங்கும் கும்மியும் ஒப்பாரியும்தான். சொல் மட்டும் புதுசு. பழகின மெட்டில் பழகாத சொல் வரும்போது, காலோ தாளம் போடுகிறது, மனசோ திடுக்கிடுகிறது.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் வுடி கத்ரி (1912–1967) என்றொருவர் கோயில் மெட்டுகளில் ஏழைகளின் கதையை ஏற்றிப் பாடினார். மெர்ல் டிராவிஸ் 1946-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றி ஒரு பாட்டுப் பதிவு செய்தார். எவ்வளவு வெட்டினாலும் கம்பெனிக் கடையில் கடன் தீராது என்பது அதன் சாரம். பேரன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டி அர்த்தம் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவின் பற்று வரவு நோட்டில் அந்தப் பாட்டு முழுக்க இருக்கிறதே!

இன்னொரு சுருக்கும் உண்டு. 2005-இல் காலச்சுவடு வெளியிட்ட 'வடு' என்ற அவருடைய தன்வரலாறு. இளையான்குடி முஸ்லிம் மக்கள் உறவுமுறை சொல்லிப் பழகியதையும், கிராமத்துக்குள் போனால் சாதி முன்னால் வந்து நின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறார். கோபத்தில் கத்தவே இல்லை. படித்துக்கொண்டே வரும்போது எங்கள் கடை வாசலில் தண்ணீர்ப் பானைப் பக்கம் தனியாகத் தொங்கிய ஒரு அலுமினியத் தம்ளர் ஞாபகம் வந்தது. யாருக்கு அது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். எறும்புக்கும் தீங்கு செய்யாத வீடு எங்களுடையது. அப்பா காலமான பிறகும் அந்தத் தம்ளர் இரண்டு வருஷம் அங்கேயே தொங்கியது. எடுத்திருக்க வேண்டியவன் நான்தான்.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது பாராட்டுரை ஆகிவிடும். 'வடு' காயத்தைச் சொல்கிற அளவுக்கு, பாட்டு எப்படி உள்ளே வந்தது, எந்த மெட்டை ஏன் எடுத்தார் என்பதைச் சொல்வதில்லை. அந்த ரகசியத்தை அவர் ஒருவரே எழுதியிருக்க முடியும். ஆய்வு நூல்களில் பேராசிரியர் பேசுகிறார், பாடகர் ஒதுங்கிக் கொள்கிறார். வகை, தொகை, பெயர் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அந்தக் குரலின் சூடு இருக்காது. பேராசிரியர் ஆனதால் பாட்டு குறைந்ததா, பேராசிரியர் ஆனதால்தான் பல்கலைக்கழக வாசலுக்குள் பறை வந்ததா? இரண்டாவதுதான் பெரிது என்று நினைக்கிறேன். 2018-இல் பா. ரஞ்சித் முன்னின்று 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சென்னையில் மேடை ஏறியபோது கூடிய கூட்டத்துக்கு, இவர் போட்ட பாதையும் ஒரு காரணம். பல பேருக்கு அது தெரியாது.

நகரத்து உழைப்பாளிகளின் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டே என்பது அவர் கட்சி. அப்படியானால் நம் ஊர்? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் மைன் மூடும் வரை, வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வந்த மக்கள் இந்த லைன் வீடுகளில் எத்தனை தாலாட்டு, எத்தனை ஒப்பாரி பாடியிருப்பார்கள்! அயோத்திதாசப் பண்டிதர் நூல்களை அச்சிட்டுக் காத்தது மாரிகுப்பம் சித்தார்த்த புத்தகசாலை. எழுத்தைக் காத்த ஊர், பாட்டைக் கோட்டை விட்டுவிட்டது. பிள்ளைகள் ரயில் ஏறி பெங்களூர் வேலைக்குப் போய்விட்டார்கள். தமிழ் பேசுகிறார்கள், படிக்கத்தான் திணறுகிறார்கள்.

போன தையில், சுரங்கப் பாறை சரிந்து புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, கடையில் உட்கார்ந்து எனக்காக ஒப்பாரி சொன்னார்கள். எழுதாத கணக்கு நோட்டு ஒன்று இருந்தது, அதில் பதினொரு பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். மெட்டை எழுத எனக்குத் தெரியவில்லை. டேப்போ போனோ வைத்திருக்கிற பிள்ளைகள் யாராவது வந்தால், அந்த அம்மா வீட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கிடையாது.