மூன்றாம் பிறை: மறதியால் நிலைபெறும் திரைப்பனுவல்

முன்னுரை

எக்காலத்துக்கும் ஏற்ற கருத்தைக் கூறும் படைப்பே காலத்தை வெல்லும் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) இக்கொள்கையை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. சிறந்த நடிகர், சிறந்த ஒளிப்பதிவு ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளை இப்படம் பெற்றது. இதன் சில கூறுகள் மூப்படைந்துவிட்டன. எனினும் படம் மூப்படையவில்லை. அதற்கான காரணத்தை இறுதிக்காட்சியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மூப்படைந்த கூறுகள்

விபத்தில் நினைவிழந்து குழந்தையுள்ளம் எய்திய விஜியை (ஸ்ரீதேவி) விலைமகளிர் இல்லத்திலிருந்து மீட்டு, நீலகிரி மாவட்டம் கேத்திக்கு அழைத்து வருகிறான் ஆசிரியன் சீனு (கமல்ஹாசன்). நாட்டு வைத்தியத்தால் அவள் நினைவு சட்டென மீள்வது மருத்துவ நோக்கில் ஏற்கத்தக்கதன்று. அதனினும் பெரிய சிக்கல் பெண் பாத்திரங்களின் படைப்பில் உள்ளது. தன் விருப்பத்தை வெளிப்படையாக உணர்த்தும் பெண் (சில்க் ஸ்மிதா) நெறி பிறழ்ந்தவளாகவும், விருப்பத்தைக் கூறும் நிலையிலேயே இல்லாத விஜி அன்புக்குரியவளாகவும் எதிர்நிறுத்தப்படுகின்றனர். இம்முரணை இன்றைய ஆய்வாளர் கடந்து செல்ல இயலாது.

இறுதிக்காட்சி

நினைவு மீண்ட விஜி பெற்றோருடன் கேத்தி நிலையத்தில் ரயிலில் அமர்ந்திருக்கிறாள். அடிபட்டு, சேறு படிந்து ஓடிவரும் சீனு, அவள் முன்பு கண்டு மகிழ்ந்த குரங்காட்டத்தை ஆடிக்காட்டுகிறான். அவளோ அவனைப் பித்தன் என்றே எண்ணுகிறாள். மெல்ல விலகும் மலை ரயில் பிரிவின் கணத்தை நீட்டுகிறது. கடைசி நொடியில் நினைவு திரும்பும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறுவதில்லை. அவள் இழந்த நினைவுகள் பார்வையாளரிடமே எஞ்சுகின்றன. சீனுவின் துயரத்துக்கு வேறு சாட்சி இல்லை.

ஆயினும் விஜியின் நிலையிலிருந்து நோக்கின், அவள் எதையும் இழக்கவில்லை. தன்னையும் பெற்றோரையும் மீளப் பெற்றிருக்கிறாள். அறியாத ஆடவன் ஒருவனை அவள் அறியாதிருப்பது குற்றமாகாது. சீனுவுக்கு இரங்குவதையும் விஜியை ஏற்பதையும் இக்காட்சி ஒருசேர இயலச் செய்கிறது. படத்தின் முற்பகுதி மறந்துவிட்ட அவளது விருப்புரிமை, அவளது மறதியின் வழியே அவளிடம் மீள்கிறது.

முடிவுரை

இன்று குன்னூர்–உதகை இடையே வழக்கமான ரயில்களை டீசல் எஞ்சின்களே இழுக்கின்றன. காட்சியின் புறச்சூழல் மாறியபின்னும் அதன் முரண் தீராதிருக்கிறது. குறையின்மையால் அன்று, தன் குறையையே எதிர்த்து வாசிக்க இடந்தருவதால் 'மூன்றாம் பிறை' காலம் கடந்து நிற்கிறது எனலாம்.