மணிமேகலையின் நெஞ்சு

உ.வே. சாமிநாதையர் 1898ல் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டார். அதை நல்ல காவியம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. எல்லாவற்றையும் முற்பிறப்பின் தலையில் கட்டிவிட்டால் பாத்திரங்கள் எங்கே வாழ்வது என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வினை அந்த நூலில் ஒரே விதமாக வேலை செய்யவில்லை என்பது என் கட்சி.

உதயகுமரன் வெட்டுண்டு சாகிறான். முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, முனிவருக்கு விருந்து சமைக்க வந்தவன் கால் இடறிப் பாத்திரத்தை உடைத்துவிட, அவனை வாளால் வெட்டியவன் இவன். அதற்கு இதுதான் பயன் என்று கந்திற்பாவை சொல்லுகிறது. இது பற்றுவரவுக் கணக்கு. இதில் இலக்கியம் குறைவு.

மணிமேகலையின் விஷயம் வேறு. தன்னை இழிவாகப் பேசிப் போனவன் பின்னால் தன் நெஞ்சு போய்விட்டதே, காமத்தின் இயல்பு இதுதானா என்று சுதமதியிடம் கேட்கிறாள். முற்பிறப்பில் தான் இராகுலனின் மனைவி இலக்குமி என்பது பிறகு மணிபல்லவத்தில்தான் அவளுக்குத் தெரிகிறது. இங்கே வினை தண்டனையாக வரவில்லை. மனத்தின் சாய்வாக வருகிறது.

கடைசிக் காதையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரண்டு சார்புகளில் பேதைமை முதலாவது, செய்கை இரண்டாவது, உணர்வு மூன்றாவது. உணர்ந்த பிறகே செய்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பௌத்தமோ செய்கையை முன்னால் வைத்து, அதிலிருந்து உணர்வு பிறக்கிறது என்கிறது. அந்த உணர்வைச் சாத்தனார் தூங்குகிறவர்களின் உணர்வுக்கு ஒப்பிடுகிறார். நிலையான ஆத்மா இல்லை என்கிற மதம் இது. எனவே இலக்குமியிடமிருந்து மணிமேகலைக்கு வந்து சேர்வது ஆத்மா அல்ல. இன்னும் விழிக்காத இந்தச் சாய்வுதான்.

அப்படியானால் அவள் காதல் அவளுடையதா? இந்தக் கேள்வியை எழுப்பியதிலேயே சாத்தனார் நாவலாசிரியர்களுக்கு அண்ணனாகிவிடுகிறார். விடையையும் அவர் சுலபமாக்கவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும், வெட்டுண்டு கிடப்பவனை நோக்கி அழுதுகொண்டு போகிறாள் மணிமேகலை. கந்திற்பாவைதான் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. காரணம் தெரிந்தால் மட்டும் மனம் திரும்பிவிடுவதில்லை.

பிறவி அறுக என்று அவள் நோற்பதோடு காவியம் முடிகிறது. அறுந்தது என்று முடியவில்லை. மதப் பிரசாரகனாக மட்டும் இருந்திருந்தால் சாத்தனார் இன்னும் ஒரு காதை எழுதியிருப்பார்.