போர்வெல் கணக்கும் பத்தாம் வகுப்புச் சூத்திரமும்

காங்கேயம் பக்கம் போர் போட நினைப்பவர் முதலில் கேட்பது, "அடி என்ன ரேட்டுங்க?" என்றுதான். ஒரே விலையாகப் பதில் வராது. ஆழம் போகப் போக, நூறடிக்கு நூறடி ரேட் ஏறும். முதல் நூறடிக்கு அடி 90 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு நூறடிக்கும் அடிக்குப் 10 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். செலவு 9,000, 10,000, 11,000 என்று போகும். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில் சொல்லித்தரும் கூட்டுத் தொடர்வரிசை இதுதான்.

ஆயிரம் அடிக்கு மொத்தம் எவ்வளவு? முதல் நூறடியும் கடைசி நூறடியும் சேர்ந்தால் 27,000. இரண்டாவதும் ஒன்பதாவதும் சேர்ந்தாலும் அதே 27,000. ஐந்து ஜோடிக்கு 1,35,000 ரூபாய். அடிக்குச் சராசரி 135. இந்தச் சராசரியில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணித பாதம் இதையே முன்னால் வைக்கிறது: நடு மதிப்பைக் கண்டுபிடி, உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கு. முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதி எண்ணிக்கையால் பெருக்குவதை மாற்று வழியாகத்தான் அது தருகிறது.

நம் வகுப்பறைகளில் பல இடங்களில் சூத்திரம் முதலில் வந்துவிடுகிறது. ஜோடி சேர்ப்பதைக் கரும்பலகையில் ஒருமுறை காட்டிவிட்டு, மனப்பாடத்துக்குப் போய்விடுகிறோம். இந்த வழக்கத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனி ஷிஃப்டில் இருக்க, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியில் கைகொடுப்பது அந்தச் சூத்திரம்தான். விடை தப்பினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. உறுப்புகள் ஒற்றைப்படையாக இருந்து நடுவில் ஒன்று ஜோடியில்லாமல் நின்றாலும் சூத்திரம் தடுமாறாது.

தடுமாறுவது மாணவர்தான். 300க்கும் 600க்கும் இடையில் 7ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் கேட்டால், 595இலிருந்து 301ஐக் கழித்து 7ஆல் வகுத்து 42 என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் 43 உறுப்புகள், கூடுதல் 19,264. முதல் எண்ணிலிருந்து 42 தாவல் என்றால் நிற்கும் இடங்கள் 43 என்பது, எண்களை வரிசையாக எழுதிப் பார்த்த பிள்ளைக்குத்தான் பிடிபடும்.

இதைவிடப் பெரிய குறை, வித்தியாசம் நிஜமாகவே சமமாக இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை என்பது. முதல் படிக்கு 100 செங்கல், அடுத்தடுத்த படிக்கு இரண்டிரண்டு குறைவு என்ற முப்பது படிக் கணக்கு அருமையானதுதான், விடை 2,130. ஆனால் 'இரண்டிரண்டு' என்பதைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. போர்வெல் ரேட்டில் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே ஏற்றம் பெரிதாகலாம். கேசிங் பைப்புக்குத் தனிக் காசு. அங்கே சூத்திரத்தைப் போட்டால் பார்க்க அழகான, தப்பான விடை வரும்.

பாடத்தைத் திருப்பியும் கேட்கவேண்டும். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. மேலே சொன்ன ரேட்டில் எத்தனை அடி போகலாம்? இருபடிச் சமன்பாடு வரும்; தீர்வுகள் 8, –25. கூடுதலிலிருந்து எண்ணிக்கையைக் காணும் வழியை ஆரியபட்டர் அடுத்த சுலோகத்திலேயே கொடுத்திருக்கிறார். எட்டு நூறடி, அதாவது 800 அடி. –25ஐ ஏன் விடுகிறோம் என்பதை மாணவரே தன் வார்த்தையில் எழுதட்டும். அதற்கும் ஒரு மதிப்பெண் வைக்கலாம்.