ஒரு வரிக்குள் ஒரு வழக்கு

ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து சட்டம் படிக்கப் போகும் பிள்ளையை இந்த வரி முதலில் மிரட்டும். வளைகுடாவுக்குக் கடிதம் எழுதிப் பழகிய ஊர்க்காரருக்கு விளக்குவது எளிது: இது முகவரி. ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், 1951ஆம் ஆண்டுத் தொகுதி, உச்ச நீதிமன்றப் பகுதி, 226ஆம் பக்கம். அங்கே இருப்பது செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண அரசாணையைச் செல்லாததாக்கி, அதே ஆண்டில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்குக் காரணமான தீர்ப்பு. இத்தனையும் ஒரே வரியில்!

இன்னொரு தீர்ப்புத் தொகுப்பான எஸ்.சி.சி.யில் (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) வந்த கேசவானந்த பாரதி வழக்கை (1973) 4 எஸ்.சி.சி. 225 என்று எழுதுவார்கள். அந்த ஆண்டின் நான்காம் தொகுதி என்பது அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. அதே தீர்ப்பு ஏ.ஐ.ஆரில் 1461ஆம் பக்கம்.

அரசியல் அறிவியல் மாணவர் வேறு ரகம். ‘ஆஸ்டின் 1966’ என்று வாக்கியத்தின் நடுவிலேயே அடைப்புக்குறி போட்டுவிடுவார். அவருக்கு யார், எப்போது சொன்னார் என்பதே விவாதம். சட்டத்திலோ எந்த நீதிமன்றம் என்பதில்தான் கனம். அதனால் இந்த நீண்ட முகவரியை வாக்கியத்தின் நடுவே திணிக்காமல் அடிக்குறிப்பில் போடுவதே எனக்குப் பிடிக்கும். நீங்கள் படிக்கும் துறை கேட்பது வேறு முறையென்றால் வாதாட வேண்டாம்.

2023இல் உச்ச நீதிமன்றம் பதிப்பகம் எதையும் சாராமல் தன் தீர்ப்புகளுக்குத் தானே எண் கொடுக்கத் தொடங்கியது. பழைய தீர்ப்புகளுக்கும் உண்டு. விலை கொடுத்துத் தொகுதிகள் வாங்க முடியாத மாணவருக்கு இதுவே நல்ல செய்தி. இந்த எண்ணில் பக்கம் கிடையாது, பத்தி எண்ணைத்தான் சுட்ட வேண்டும்.