மீளேன் என்றவர் மீண்டமை
(அப்பர் கயிலை யாத்திரை பற்றிய ஓர் ஆராய்ச்சி)

யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களிற் புராணபடனம் நெடுங்கால வழக்கு. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் பெரியபுராணத்தை வசன நடையில் எழுதி 1852இல் வெளியிட்டபின், அடியார் வரலாறுகள் செய்யுள் பயிலாதார்க்கும் எளிதாயின. அவற்றுள் கேட்போர் நெஞ்சை உருக்குவது திருநாவுக்கரசு நாயனாரின் கயிலை யாத்திரையாகும். நம்பினார் கேட்டதை இறைவன் கொடுப்பான் என்பதே இதன் பயன் எனக் கூறுவாருமுளர். சேக்கிழார் கருத்து அதுதானோ என்பது ஆராயற்பாலது.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பெரியபுராணத்தை அருளிய சேக்கிழார், அரசர் வரலாற்றுக்கு 429 செய்யுள் வகுத்தார். கல்லிலே கட்டிக் கடலிலே தள்ளப்பட்டபோது, அக்கல்லே மிதவையாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேற்றியது. ஆண்டுத் துன்பம் பிறர் இழைத்தது. உதவியும் உடனே வந்தது. கயிலைப் பயணமோ அவர் தாமே மேற்கொண்டது. உதவி நெடும்பொழுது வந்திலது. இவ்வேற்றுமை நோக்கற்பாலது.

திருக்காளத்தியைத் தரிசித்த அரசர்க்கு வடகயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. திருப்பருப்பதம் முதலாகப் பல நாடு கடந்து வாரணாசியை அடைந்து, உடன்வந்தாரை அங்கே விட்டுத் தனியே சென்றார். கிழங்கு முதலியன உண்ணுதலையும் ஒழித்தார். கால்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் உந்திச் சென்றார். மார்பும் நைந்தது, புரண்டு சென்றார். இறுதியில் அசைவும் ஒழிந்தது. இதனை மிகைக்கூற்று என்பார் புலவரின் நோக்கத்தை அறியார். மனித முயற்சியின் வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்துச் செல்கின்றார் சேக்கிழார். எல்லா வாயிலும் அடைபட்ட பின்னரே முனிவர் வடிவில் இறைவன் தோன்றுகின்றான்.

அம்முனிவர் கூற்று நியாயமானது: கயிலை மானுடர் அடைதற்கு அரியது, ஆதலின் மீளுதலே தக்கது என்பது. இறைவன் கயிலையைக் காணாது அழியும் இவ்வுடம்போடு மீளேன் என்றார் அரசர். பின்னர் வான்வழி எழுந்த திருவாக்கு உடலை நலமுறச் செய்து, அருகிருந்த தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றிலே அக்காட்சியைக் காண்க எனப் பணித்தது. அதாவது, வந்த வழியே தெற்கு நோக்கி மீள்க என்பதே அதன் பொருள். மீளேன் என்றவர் மறுமொழியின்றி ஐந்தெழுத்தோதி மூழ்கினார்.

இவ்விடத்தே புராணத்தின் உயிர்நிலை உளது. முனிவர் சொல்லுக்கு இணங்காதவர் இறைவன் சொல்லுக்கு இணங்கினார். பிடிவாதமாயின், கயிலை மலையே வேண்டும் என்று மேலும் வற்புறுத்தியிருப்பார். உறுதி ஓரிடத்தின்மேலதன்று, ஒருவன்மேலது என்பது இதனாற் புலனாம். அவர் வேண்டிய காட்சி கிடைத்தது. வேண்டிய வழி கிடைத்திலது.

அக்காட்சியும் நிலைத்ததன்று. ஐயாற்றுத் திருக்கோயில் கயிலையாகவே தோன்றிப் பின் மறைந்தது. அப்போது அரசர் பாடிய பதிகம், யானை, கோழி, குயில், அன்னம், மயில் ஆகியன தத்தம் துணையோடு வரக் கண்டதையே பேசுகின்றது. பூவும் நீரும் சுமந்து வழிபடப் புகுவார் பின்னே தாம் புகுவதாகவும், சுவடின்றி ஐயாற்றை அடைவதாகவும் அதிற் குறிப்புண்டு. தடாகமோ தேய்ந்த உடலோ அதிற் கூறப்பட்டில. அவர் தம் துன்பத்தைக் கணக்கெழுதினாரல்லர். அதனைச் சேக்கிழாரே எழுதினார். வடதிசைக் கொடுமுடியில் நாடியதை வீதியிற் செல்லும் பிடியிலும் களிற்றிலும் கண்டமையே பெற்ற பேறு.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் கால்நடையாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அவ்வழி நடந்தோர் கேட்டிருக்க, நம்பினார் கேட்டதெல்லாம் பெறுவர் என்று பயன் சொல்லுதல் எளிதன்று, உண்மையுமன்று. எல்லாரும் வீடு திரும்பினாரல்லர். சேக்கிழார் அவ்வாறு சொல்லவுமில்லை. வழி முற்றும் அடைபட்டபோதும் பற்றியதை விடாமை ஒன்று. திறக்கும் வழி தான் எண்ணாத வழியாயினும் அதனுட் புகுதல் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே நம்பிக்கை என்பதே அவர் காட்டும் பயன். சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை கொண்டாடும் சபைகளிற் சொல்லத்தக்க பயனும் அதுவேயாம்.